பதிமூன்று சுற்று

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வாக்காளர் பட்டியலிலும் இருந்தது, எழுத்துப் பிழையோடு. மற்றபடி அந்த வார்டில் மூன்று வயதுக் குழந்தையிலிருந்து பல் போன கிழவர்வரை எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன்தான். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வால்வு திறந்து மூடியவர். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுர வாய். அதைத் தோளில் சாத்திக்கொண்டு காலை ஐந்தரைக்கே தெருவில் இறங்கிவிடுவார். அவர் எந்த மூலையில் குனிகிறாரோ அந்தத் தெருவுக்கு அப்போது தண்ணீர். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் அவரை வழிமறித்து, "அண்ணே, அப்படியே நம்ம கதவையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க" என்பார்கள். இந்தப் பழைய ஜோக்குக்கு முப்பத்தொரு வருஷமும் சலிக்காமல் சிரித்தார். அவ்வளவு நல்ல மனுஷர். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக நீங்கள் உடனே முடிவு கட்ட வேண்டாம். முழுக்கக் கேளுங்கள்.

வால்வு வேலை பார்வைக்குச் சுலபம். சாவியை மாட்டு, சுற்று, அடுத்த தெருவுக்குப் போ. ஆனால் மண்ணுக்கடியில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. எண்ணிக்கை ஒன்றுதான் கணக்கு. பள்ளிக்கூடத்து வால்வுக்கு இருபத்திரண்டு சுற்று. சைக்கிள் கடை முனையில் இருந்ததற்குப் பதினேழு. மூடும்போது எத்தனையோ திறக்கும்போதும் அத்தனை. அவர் வாய்விட்டுத்தான் எண்ணுவார். தூக்கத்திலும் எண்ணுகிறார் என்று அவர் மனைவி புகார் சொல்லியிருக்கிறாள்.

இன்னொரு விதியும் உண்டு. ரிப்பேருக்காக ஒரு லைனைக் காலி செய்தால் பைப்புக்குள் காற்று புகுந்துவிடும். வேலை முடிந்ததும் ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. நாலு சுற்று மட்டும் திறந்துவிட்டு, காற்று வெளியேற அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் மீதி. அவசரப்பட்டால் பைப் வெடிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது இதைத்தான். இந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் சும்மா இருந்தவரை வார்டு கவுன்சிலர் தேர்தலில் இழுத்துவிட்டது மருந்துக்கடைக்காரம்மா. அவள் கடைக்குப் பின்னால் ஓடுகிறது கால்வாய். ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பிளாஸ்டிக் பையும் சாயப் பட்டறைக் கழிவும் தேங்கி, நாலு மாதமாக அது அசையவே இல்லை. கொசு, காய்ச்சல், மறுபடி கொசு. "ஜுர மாத்திரை நல்லா விக்குது. எனக்கு லாபந்தான். ஆனா பொட்டலம் கட்டிக் குடுக்கும்போது கை கூசுது," என்றாள். அவள் கடையின் சரக்கு அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒன்பது பேர் உட்கார்ந்து மூன்று கோரிக்கை எழுதினார்கள். கால்வாயைத் தூர்வாரிச் சாயக் கழிவை நிறுத்த வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று பூங்கா ஓரத்து மரங்களை வெட்டக் கூடாது. பள்ளத் தெருவுக்குக் குடிநீர் வர வேண்டும்.

யார் நிற்பது என்று வந்தபோது எட்டுப் பேரும் ஒன்பதாவது ஆளைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பேச வராதும்மா," என்றார் சாவி அண்ணன்.

"நீங்க பேசவே வேணாம்ண்ணே. அந்தச் சாவியத் தூக்கிட்டு நின்னாப் போதும். உங்கள நம்பாதவங்க இந்த வார்டுல யாரு இருக்காங்க?"

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார். சின்னம் குலுக்கலில் வாளி கிடைத்தது. எதிராளி, சாயப் பட்டறை முதலாளியின் மைத்துனன், முதல் நாளே ஓட்டை வாளி என்று கிண்டலை ஆரம்பித்துவிட்டான்.

துண்டறிக்கைக்குப் படம் வேண்டுமென்றார்கள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தையே கழற்றிக் கொடுத்தார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் பூங்காவில் நீரூற்றுத் திறந்தபோது எடுத்தது. பழைய கவுன்சிலர் கத்தரிக்கோலோடு நிற்க, பக்கத்தில் தோளில் சாவியோடு இவர். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பேன்ட் முழங்கால்வரை சேறும் ஈரமும். "வேலை செஞ்ச மனுஷன்னு பாத்தாலே தெரியுதுல்ல, இந்த ஈரத்தை வெட்டிடாதீங்க," என்று அச்சகத்தில் அழுத்திச் சொன்னாள் மருந்துக்கடைக்காரம்மா. மூவாயிரம் பிரதி.

பேச வராது என்றவருக்குப் பேச்சும் வந்தது. மற்ற இரண்டு கோரிக்கைகளைக் காகிதத்தைப் பார்த்து வாசிப்பார். பள்ளத் தெருத் தண்ணீர் என்றால் காகிதம் வேண்டியதில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓட வேண்டும்? அந்த வார்டில் மட்டும் அது மேட்டுத் தெருவோடு நின்றுவிடும். பள்ளத் தெருக் குழாய்களில் நூல்நூலாகச் சொட்டும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். இது பத்துப் பதினொரு வருஷமாக நடக்கிற அதிசயம். வேலையில் இருந்தபோது யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: மேட்டுத் தெருக்காரர்கள் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். இப்போது அதையே மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். மறுநாள் குரலை உயர்த்திச் சொன்னார். இன்னும் தட்டினார்கள். அறுபது வயதில் முதல்முறையாகக் கைதட்டல் கேட்கிறவருக்கு அது லேசில் அடங்குமா?

பள்ளத் தெருவில் அவருக்காக உயிரை விட்டு உழைத்தவள் பஸ் கண்டக்டரம்மா. தினம் காலை ட்யூட்டிக்கு முன்னால் மேட்டுத் தெருப் பொதுக்குழாயில் நாலு குடம் பிடித்துச் சரிவில் இறக்குவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் குடத்தோடு வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டிக்கொள்கிறாள். கோணல் கையில் துண்டறிக்கைக் கட்டை அணைத்து, நல்ல கையால் ஒவ்வொன்றாகக் கிழிப்பதுபோல் எடுத்து நீட்டுவாள். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த பழக்கம். "எல்லாரும் வாங்கியாச்சா? வாங்காதவங்க கை தூக்குங்க," என்று அவள் கேட்டால் தெருவே சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது நாற்பது பேராக மேட்டுத் தெருவில் வீடு வீடாகப் போனார்கள். மோட்டார் இருக்கிறதா என்று பார்க்க. கணக்கு வாத்தியார் வீட்டில் ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற மனுஷர், மாடியில் படுத்த படுக்கையாக மனைவி. "இது லைன்ல மாட்டல. கீழ் தொட்டில இருந்து மாடிக்கு ஏத்தறதுக்கு. வந்து பாருங்க," என்று கெஞ்சினார். யாரும் பார்க்கவில்லை. "பள்ளத்துக்குத் தண்ணி வரலைன்னா நடுவுல எங்கேயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். இது சாதாரணக் கணக்குப்பா!" என்று அவர் சொன்னதற்குக் கூட்டம் ஓவென்று கத்தியது. சாவி அண்ணன் முன்னால் வந்து, "முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் எனக்கு. நீங்க எனக்குப் பாடம் எடுக்காதீங்க வாத்தியாரே," என்றார். பிரமாதமான கைதட்டல். வாத்தியார் தன் கையாலேயே மோட்டாரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார்.

வாக்குப்பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஏதோ ஒரு கம்பெனி கேபிள் பதிக்க மேட்டுத் தெருவைத் தோண்டியது. மதியம் இரண்டரை மணி. தோண்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மிச்சத் துண்டறிக்கைகளைக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிய சாவி அண்ணன் சைக்கிள் கடை முனையில் நின்றார். உடைத்த தார் அடுக்குக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், வட்டமான இரும்பு மூடி ஒன்று தெரிந்தது.

மூடியைப் பார்த்ததுமே குந்தி உட்கார்ந்து அதன்மேல் இருந்த மண்ணைக் கையால் தள்ளினார். மூளை அப்புறம்தான் வேலை செய்தது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கும் மதியம்தான். பள்ளத் தெரு லைனில் கசிவு. ரிப்பேருக்கு மட்டுமே தொடுகிற இந்த வால்வை மூடி, குழியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று வேலை முடித்து, நாலு சுற்றுத் திறந்தார். காற்று போகட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கவுன்சிலரின் ஆள் சைக்கிளில் வந்தான். "அண்ணே, நீரூற்று திறக்கப் போறாங்க, தலைவர் உங்களக் கூப்பிடறாரு, போட்டோவுக்கு!" சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் சைக்கிள் பின்சீட்டில் ஏறிவிட்டார். போட்டோ, கைகுலுக்கல், கூல்டிரிங்க், தட்டிக்கொடுத்த தோள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மூன்று தடவை அந்தக் கதையைச் சொன்னார். மறுநாள் காலை வந்து பார்த்தால், விழாவுக்கு வந்த தார் லாரி மிச்சத் தாரை மேட்டுத் தெருவில் கொட்டி உருட்டிவிட்டுப் போயிருந்தது. மூடி இருந்த இடமே தெரியவில்லை.

மீதியைத் திறந்தோமா? அன்றைக்கே அந்தக் கேள்வி வந்தது. அதுதான் விஷயம். வராமல் இருந்திருந்தால் வெறும் மறதி என்று போயிருக்கும். வந்தது, புதுத் தாரின் மேல் நின்றுகொண்டே யோசித்தார். உடைக்க வேண்டுமென்றால் மேலதிகாரிக்கு எழுத வேண்டும். ஏன் என்று எழுத வேண்டும். போட்டோ எடுக்கப் போனேன் என்று எழுத முடியுமா? 'திறந்திருப்பேன்' என்று சொல்லிக்கொண்டார். இரண்டு மூன்று தடவை சொன்னதும் அதுவே நிஜம்போல் ஆகிவிட்டது. பள்ளத் தெருவிலிருந்து முதல் புகார் வந்தபோது மோட்டார் என்ற பதில் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்தார். பழையது, வளைந்தது என்று எழுதி ஓய்வு பெற்றபோது அவருக்கே கொடுத்துவிட்டிருந்தார்கள். மூடியை நெம்பி, வால்வுத் தலையில் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, சாவியை மாட்டினார். அந்த நேரத்தில் லைனில் தண்ணீர் கிடையாது, பயமில்லை. ஆனால் வேறு ஒரு பயம் இருந்தது. சாவி திரும்பாமல் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். முழுக்கத் திறந்த வால்வு திரும்பாது. திரும்பாவிட்டால் அவர் தப்பித்தார்.

திரும்பியது. துருவோடு முனகிக்கொண்டு ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு சுற்றிலும் 'இதோடு நின்றுவிடு' என்று மனசுக்குள் கெஞ்சினார். அது நிற்கவில்லை. பன்னிரண்டு. பதிமூன்று. அங்கேதான் நங்கென்று முட்டியது. நாலும் பதிமூன்றும் பதினேழு. அவருடைய எண்ணிக்கையில் என்றைக்கும் தப்பு வந்ததில்லை. மூடியைச் சாத்தி மண்ணைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது காது மடல் சுட்டது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியும் நாற்பது பேர் சுற்றி நிற்பதுபோல் கூசியது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளத் தெருவில் பெரிய களேபரம். சொட்டுகிறதைப் பிடிக்க எல்லோரும் குழாயைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டு முற்றத்தில் பாய்ந்தது. கண்டக்டரம்மா பைப்தான் உடைந்துவிட்டது என்று நினைத்து அரைகுறைச் சீருடையோடு ஓடிவந்தாளாம். குழாயை மூடினாள், நின்றது. திறந்தாள், பாய்ந்தது. மறுபடி மூடித் திறந்து பார்த்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சாவியோடு அவர் சைக்கிள் கடைப் பக்கம் நின்றதை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். ஏழு மணிக்குள் அவர் வாசலில் கூட்டம்.

"ஜெயிக்கறதுக்கு முன்னாடியே கொண்டு வந்துட்டாருய்யா மனுஷன்!"

தூக்கிவிட்டார்கள். அறுபது வயது மனுஷரை, லுங்கியும் பனியனுமாக, தோளில். "இறக்குங்கப்பா, இறக்குங்க," என்று அவர் கத்தியது கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூச்சம்தான், அவர்கள் நினைத்த கூச்சம் இல்லை. அன்று மாலைக்குள் மருந்துக்கடைக்காரம்மா புதுத் துண்டறிக்கை அடித்துவிட்டாள். 'சொன்னார், செய்தார்.' படம் அதே படம்.

மனைவியிடம் சொன்னார். பிரசாரத்துக்காகத் துணிப்பை தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திக் கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு வெகுநேரம் நூலை உருவிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு தடவ அந்தப் பொம்பளைங்க நம்ம வீட்டுக் குழாயில ஒரு குடம் கேட்டு வந்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உங்க தெருப் பிரச்சினைய உங்க தெருவுலயே பாத்துக்கோங்க'ன்னு சொன்னேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தப் பக்கம் போவேன்?"

"சொல்லிடட்டுமா?"

"என்னைக் கேக்காதீங்க. சொல்லுன்னா நாளைக்கு என்னால தோத்தேம்பீங்க. சொல்லாதேன்னா என்னால பாவம்பீங்க." மறுபடி மிஷினை ஓட்டினாள். பிறகு ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் போட்டோவ மட்டும் திரும்ப மாட்டாதீங்க. ஆணியையும் பிடுங்கிடுங்க."

ஊருக்கெல்லாம் தெரியுமுன் கண்டக்டரம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று மறுநாள் அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் எட்டுக் குடம் வரிசையாக நிரம்பி நின்றன. குழாயில் தண்ணீர் வந்தும் அவள் பிடித்துவைக்கிறதை நிறுத்தவில்லை. "நம்ப மாட்டேங்குதுண்ணே மனசு," என்று சிரித்தாள். உட்காரச் சொன்னாள். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள், கோணல் கையாலேயே. "உங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்னு இருந்தேன். குடிங்க."

மூன்று மடக்காகப் பிரித்து எப்படியோ குடித்தார். சொல்ல வந்ததை அந்தத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார். தெருமுனை தாண்டும்வரை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது முதுகுக்குத் தெரிந்தது. அப்போது தன்மேல் வந்த வெறுப்பு அதற்கு முன் யார்மேலும் வந்ததில்லை என்று பிற்பாடு ஒருமுறை சொன்னார்.

கடைசிப் பிரசாரக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு, சைக்கிள் கடை முனையில். மேடை என்று ஒன்றுமில்லை. கடைக்காரர் இரண்டு மேஜையை ஒட்டிப் போட்டிருந்தார். தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டார்கள், வால்வு மூடி மட்டும் புதிதாக வெளியே தெரிந்தது. மேஜையின் கால் ஒன்று அதன் மேலேயே நின்றது. முன்வரிசையில் பள்ளத் தெருப் பெண்கள். கடைசியில், தன் வீட்டுத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கணக்கு வாத்தியார்.

முதலில் கண்டக்டரம்மா பேசினாள். "எனக்கு அரசியல் தெரியாது. பதினொரு வருஷம் குடம் தூக்கினேன், அது தெரியும். எத்தனையோ பேர் வந்து பாத்தாங்க, எழுதிட்டுப் போனாங்க. இந்த மனுஷன் சொல்லல, கொள்ளல. வெயில்ல தனியா வந்து சரிபண்ணிட்டுப் போயிருக்காரு. எங்கூடப் பொறந்தவன் செஞ்சிருப்பானா?" என்று கேட்டு மைக்கை அவரிடம் நீட்டினாள்.

மைக்கை வாங்கினார். காகிதத்தில் கால்வாய் இருந்தது, மரம் இருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. முன்வரிசையில் ஒருத்தி துண்டறிக்கையை விசிறியாக வீசிக்கொண்டிருந்தாள். அந்த ஈரப் பேன்ட்டும் சிரிப்பும் மேலும் கீழும் போய்வந்தன.

"நான் சரிபண்ணல," என்றார். "நான்தான் கெடுத்தேன்."

நடந்ததைச் சொன்னார். நாலு சுற்று, அரை மணி நேரம், போட்டோ, தார். இந்த மேஜைக்குக் கீழே இருக்கிற வால்வுதான் என்று காட்டினார். மோட்டார் காரணம் இல்லை என்றார். பாதியில் இருமல் வந்தது. மருந்துக்கடைக்காரம்மா பதறிப்போய் ஒலிபெருக்கிக்காரனுக்குச் சைகை காட்டினாள். மைக் நின்றது. அவர் மைக் இல்லாமலே சொல்லி முடித்தார்.

அப்புறம் பின்னாலிருந்து ஒருவன் கை தட்டினான். "தப்பைத் தானே ஒத்துக்கிட்டாருய்யா! எவன் செய்வான் இந்தக் காலத்துல?" அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். பிறகு பாதிக் கூட்டமே தட்டியது. அவர் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அதற்கும் தட்டினார்கள்.

"அப்ப என் மோட்டார்?" என்று கேட்டார் வாத்தியார். கைதட்டலில் அந்தக் குரல் பலருக்குக் கேட்கவில்லை. சாவி அண்ணனுக்குக் கேட்டது. மேஜையிலிருந்து இறங்கிப் போய்க் கை கூப்பினார். வாத்தியார் கூப்பிய கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பதினேழுல நாலு போனா பதிமூணு. ஒண்ணாங்கிளாஸ் கணக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முன்வரிசைப் பெண்கள் தட்டவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனார்கள்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஜெயித்துவிட்டார், அறுபத்து மூன்று வாக்கில். உண்மை பேசிய வேட்பாளர் என்று மற்றத் தெருக்களிலெல்லாம் ஓட்டுப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரம்மா பத்து நாள் பேசாமல் இருந்தாள், அப்புறம் பேசினாள். கால்வாயில் பாதி தூரம் தூர்வாரியாயிற்று, பட்டறை முதலாளியோடு வழக்கு நடக்கிறது, மரங்கள் நிற்கின்றன. வாத்தியார் வீட்டு மோட்டாரைச் சாவி அண்ணனே சுமந்து கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தார். வாத்தியார் அப்போதும் உள்ளே வா என்று சொல்லவில்லை. நகராட்சிக் கூட்டத்தில் யாராவது 'நேர்மைக்குப் பேர்போன நம் உறுப்பினர்' என்று ஆரம்பித்தால், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விடுகிறார். பள்ளத் தெருவில் எத்தனை பேர் வாளிக்குப் போட்டார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. கூட்டம் கலைந்த பிறகு நடந்ததை.

மேஜைகளை எடுத்துப் போய்விட்டார்கள். அவர் மட்டும் வால்வு மூடிக்குப் பக்கத்தில் நின்றார். போகத் தோன்றவில்லை. எதிர்ப்பக்கத்தில் கண்டக்டரம்மாவும் போகாமல் நின்றாள். துண்டறிக்கைக் கட்டு இன்னும் அவள் கையில் இருந்தது. சாவகாசமாக அதைச் சைக்கிள் கடைப் படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கே தெரியுமா?"

மேடையில் அவர் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

"சந்தேகம் இருந்துச்சும்மா."

"எப்ப?"

"மறுநாளே. தார் போட்டதப் பாத்தப்பவே."

அவள் தலையை ஆட்டினாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"மீதி பதிமூணு சுத்து. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதிகமில்ல. ஒரு..."

"சுத்திக் காட்டுங்க."

"சாவி வீட்டுல இருக்கும்மா."

"சும்மா காட்டுங்க. கையால."

கால்களை அகட்டி நின்றார். நெஞ்சுக்கு நேராக வெறுங்காற்றில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் வைத்தார். அவள் வலது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தாள். அவர் சுற்ற ஆரம்பித்தார். எண்ண வாய் வரவில்லை. அவளே எண்ணினாள், பஸ்ஸில் ஆள் எண்ணுகிற அதே குரலில். ஒண்ணு. ரெண்டு. சைக்கிள் கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டு பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அவசரமாகச் சுற்றிவிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் கை பழகின வேகத்தில்தான் போயிற்று. ஏழு. எட்டு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு.

"பதிமூணு," என்றாள்.

கையை இறக்கினார். அவள் கடிகாரத்தை இன்னும் ஒரு கணம் பார்த்தாள்.

"ஒண்ணேமுக்கால் நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, கோணல் கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, சரிவில் மெதுவாக இறங்கி வீட்டுக்குப் போனாள்.